ராட்சதக் குழாய்ப்புழு

ராட்சதக் குழாய்ப்புழு (அறிவியல் பெயர்: ரிஃப்டியா பாக்கிப்டிலா) என்பது கிழக்குப் பசிபிக் பெருங்கடலின் ஆழத்தில், கடலடி வெந்நீர் ஊற்றுகளின் அருகே வாழும் ஒரு வளையப் புழு இனமாகும். இது 1977 ஆம் ஆண்டு கண்டறியப்பட்டு, 1981 ஆம் ஆண்டு அறிவியல் பெயர் பெற்றது. வளர்ந்த புழுவுக்கு வாயும் உணவுப்பாதையும் இல்லை. எனவே இது எவ்வாறு உயிர்வாழ்கிறது, விலங்குலகில் எப்பிரிவைச் சேர்ந்தது ஆகிய இரு வினாக்களும் நீண்ட ஆய்வுக்கு உள்ளாயின.

உயிரியல் வகைப்பாடு

திணை: விலங்கு
தொகுதி: வளையப் புழுக்கள்
வகுப்பு: பாலிக்கீட்டா
வரிசை: சபெல்லிடா
குடும்பம்: சிபோகிளினிடே
பேரினம்: ரிஃப்டியா
இனம்: ரி. பாக்கிப்டிலா

கண்டுபிடிப்பு

1977 ஆம் ஆண்டு கலாபகசுத் தீவுகளின் அருகே, ஏறத்தாழ 2,500 மீட்டர் ஆழத்தில், ஆல்வின் என்னும் ஆய்வு நீர்மூழ்கியில் சென்ற அறிவியலாளர்கள் இப்புழுக்களைக் கண்டனர். அவர்கள் புவித்தட்டுகள் விலகும் இடத்தில் வெந்நீர் ஊற்றுகளைத் தேடிச் சென்றவர்கள். குழுவில் உயிரியலாளர் எவரும் இல்லை. உயிரினங்களைப் பதப்படுத்தும் வேதிப்பொருளும் போதிய அளவில் இல்லாததால், சில மாதிரிகள் ஓட்கா மதுவில் இட்டு வைக்கப்பட்டன. 1979 இல் உயிரியலாளர்கள் அவ்விடத்திற்குச் சென்று விரிவாக ஆராய்ந்தனர்.

பெயரிடுதல்

ஒரு புதிய இனத்தின் பெயர் ஏற்கப்பட, அதன் விவரிப்பு வெளியிடப்பட வேண்டும். ஒரு மூல மாதிரியும் குறிக்கப்பட வேண்டும். பின்வரும் ஆய்வாளர்கள் ஒப்பிட்டுப் பார்க்கும் பொருட்டு, அம்மாதிரி பெரும்பாலும் அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்படுகிறது. இப்புழுவை விவரித்தவர் அமெரிக்காவின் சுமித்சோனியன் நிறுவனத்தைச் சேர்ந்த மெரெடித் ஜோன்சு ஆவார். கலிபோர்னியாவை அடுத்த கடலில் கிடைத்து 1969 இல் பெயரிடப்பட்ட லமெல்லிபிராக்கியா பர்காமி இதற்கு நெருங்கிய உறவினம். எனினும் அதனினும் வேறுபட்டமையால், இதற்கெனப் புதிய பேரினம் உருவாக்கப்பட்டது. கடலடிப் பிளவைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லிலிருந்து பேரினப் பெயரும், 'தடித்த இறகு' எனப் பொருள்படும் கிரேக்கச் சொற்களிலிருந்து இனப்பெயரும் அமைந்தன.

உடலமைப்பும் உணவும்

இப்புழு கைட்டினாலான வெண்ணிறக் குழாயினுள் வாழ்கிறது. ஏறத்தாழ 2 மீட்டர் நீளம் வரை வளரக்கூடியது. குழாய்க்கு வெளியே நீளும் இறகு போன்ற செவுளுக்கு ஹீமோகுளோபினே செந்நிறம் தருகிறது. இந்த ஹீமோகுளோபின் ஆக்சிசனையும் ஐதரசன் சல்பைடையும் ஒருங்கே ஏந்திச் செல்ல வல்லது.

உடலினுள் டிராபோசோம் என்னும் திசு உண்டு. அதில் கந்தகப் படிகங்கள் காணப்படுவதாக ஜோன்சு தம் சொற்பொழிவு ஒன்றில் குறிப்பிட்டார். அதைக் கேட்ட ஹார்வர்டு பல்கலைக்கழக மாணவி கொலீன் கவனா, கந்தகச் சேர்மங்களிலிருந்து ஆற்றல் பெறும் பாக்டீரியாக்கள் அங்கு இருக்க வேண்டும் எனக் கருதினார். 1981 இல் அதற்கான சான்றுகளை வெளியிட்டார். இப்பாக்டீரியாக்கள் வேதிச்சேர்க்கை மூலம் கார்பன் டை ஆக்சைடிலிருந்து உணவு தயாரிக்கின்றன. புழு அவ்வுணவால் வாழ்கிறது. பாக்டீரியாக்கள் இளம் புழுவின் தோல் வழியாக உட்புகுகின்றன என 2006 இல் காட்டப்பட்டது.

வகைப்பாட்டுச் சிக்கல்

இதன் உறவினங்களுள் ஒன்றை 1914 இல் பிரெஞ்சு விலங்கியலாளர் மோரிசு கோலெரி, சிபோகா என்னும் கப்பலின் பெயரைத் தழுவி சிபோகிளினம் எனப் பெயரிட்டு விவரித்தார். குடலற்ற இவ்விலங்குகள் பின்னர் போகோனோஃபோரா என்னும் தனித் தொகுதியாகக் கருதப்பட்டன. அக்காலத்தில் கிடைத்த மாதிரிகளில் உடலின் பின்முனை அறுந்திருந்தது. 1964 இல் பின்முனை விவரிக்கப்பட்டபோது, அதில் வளையப் புழுக்களுக்குரிய கண்டங்களும் நுண்முட்களும் இருப்பது தெரியவந்தது.

ஆயினும் 1985 இல் ஜோன்சு, ரிஃப்டியாவையும் அதன் நெருங்கிய இனங்களையும் வெசுட்டிமென்டிஃபெரா என்னும் தனித் தொகுதியாக்கினார். இளம் புழுக்களில் வாயும் குடலும் சிறிது காலம் காணப்படுவது பின்னர் அறியப்பட்டது. 1997 இல் வெளியான உடலமைப்பு, மரபணு ஆய்வுகள் இவ்விரு 'தொகுதிகளும்' வளையப் புழுக்களின் கிளையே எனக் காட்டின. இதனால் இவை சிபோகிளினிடே என்னும் ஒரே குடும்பத்தில் அடக்கப்பட்டன. திமிங்கில எலும்புகளில் வாழும் ஒசெடாக்சு என்னும் பேரினமும் 2004 இல் இக்குடும்பத்தில் சேர்ந்தது.

அண்மைய ஆய்வு

2023 இல் கிழக்குப் பசிபிக் முகட்டில் நிகழ்ந்த ஆய்வில், கடலடிப் பாறைக்குக் கீழுள்ள குழிகளிலும் இப்புழுக்கள் வாழ்வது கண்டறியப்பட்டது.

இவற்றையும் பார்க்க

வளையப் புழுக்கள்
கடலடி வெந்நீர் ஊற்று
வேதிச்சேர்க்கை