தூக்குகூலி

திருவண்ணாமலைக்குப் போகிறவர்கள் ராஜகோபுரத்தின் அடியில் நின்று, கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்து, "இவ்வளவு உயரத்துக்கு எப்படித்தான் ஏற்றினார்களோ!" என்று வியக்காமல் திரும்புவதில்லை. பதினொரு நிலை, 217 அடி, வியக்க வேண்டியதுதான். ஆனால் அங்கிருந்து செஞ்சி போகும் சாலையில் கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் போய்ப் பார்த்தால், அந்தக் கோபுரத்துக்கு ஏற்றியதைக் காட்டிலும் எத்தனையோ மடங்கு கல்லை இந்தச் சீமையின் குடியானவர்கள் ஏற்றியிருக்கிறார்கள் என்பது தெரியும். வயலுக்கு வயல் கிணற்று மேட்டில் குவிந்து கிடக்கிறதே, அந்தக் கல்தான். அதை ஏற்றியவர் பெயரை யாரும் கல்வெட்டில் பொறிக்கவில்லை. ஏற்றிய செலவு மட்டும் கடன் பத்திரங்களில் பதிவாகியிருக்கிறது.

இது பாறைச் சீமை. சிறிது மண், அதன்கீழ் மக்கிய கல், அதற்கும் கீழே கடும் பாறை. ஏரி நிரம்பாத வருஷத்தில் கிணறுதான் கதி. பக்கத்துக்கு 20 அடியாகச் சதுரமாக வெட்டிய கிணறு ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதை ஓர் அடி ஆழப்படுத்தினால் 400 கன அடி பாறை. எடை போட்டால் சுமார் 30 டன்! 25 கிலோ கூடையில் சுமந்தால் 1200 நடை. பாறையை வெடி உடைத்துவிடும்; உடைத்த கல்லை அது மேலே கொண்டுவராது. ஆழம் போகப் போக ஒவ்வொரு கூடையும் ஏற வேண்டிய உயரமும் கூடும். நாற்பதாவது அடியை வெட்டுகிறவன் பத்தாவது அடிக்குக் கொடுத்த கூலியை நினைத்துப் பெருமூச்சு விடுவான்.

முன்காலத்தில் இதைக் காசாகக் கொடுத்தவர்கள் குறைவு. கோடையில் வயல் வேலை ஓய்ந்த பிறகு வீட்டாரும் உறவினரும் இறங்குவார்கள். கல் வேலையில் கைதேர்ந்த போயர்களை அழைத்துத் தானியமும் பணமும் கொடுப்பார்கள். இந்தக் கோடையில் இரண்டு முழம், அடுத்த கோடையில் இரண்டு முழம். தகப்பன் தொடங்கியதை மகன் முடிப்பான். தூக்குகூலியைப் பணத்தால் அல்ல, காலத்தால் கொடுத்தார்கள் என்று சொல்லலாம்.

1876-78 தாது வருஷப் பஞ்சம், கிணறு இல்லாத நிலத்தின் கதியைக் காட்டிவிட்டது. 1883-இல் நிலச் சீர்திருத்தக் கடன் சட்டம் வந்தது. கிணறு வெட்டச் சர்க்காரே கடன் கொடுக்கும். தவறினால் நிலவரி பாக்கியைப் போலவே வசூலிக்கும். கோடைக்குக் கோடை பொறுத்திருந்த கூலிக்கு இப்போது தவணைத் தேதி வந்துவிட்டது.

அதுவரை நீர் இறைத்தவை ஏற்றமும் கவலையும். கவலை என்பது மாடு கட்டி இறைக்கும் சாதனம். அதை ஓட்டியவனுக்கு அந்தச் சொல்லின் இன்னொரு பொருளும் தெரிந்தே இருந்தது. ஆனால் மாடு களைத்தபோது கிணறும் சற்று ஓய்வெடுத்தது. ஆல்பிரட் சாட்டர்டன் என்ற ஆங்கிலேயர், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னை ராஜதானியில் எண்ணெய் எஞ்சினால் நீர் இறைத்துக் காட்டினார். எஞ்சினுக்குக் களைப்பு இல்லை. அதன் பின்னால் மின்சாரம் வந்தது. 1960-களின் கடைசியில் ஐ.ஆர்.8 போன்ற புது நெல் வந்து தண்ணீர் கேட்டது. 1970-களில் கேம்பிரிட்ஜ், சென்னைப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் அன்றைய வடஆர்க்காட்டில் அந்தப் புது நெல்லை ஆராய வந்தபோது, கிணற்றுக்கும் பம்புக்கும் தங்கள் ஆராய்ச்சியில் பெரிய இடம் கொடுக்க வேண்டியிருந்தது.

கிணறுகள் வற்றின. கிணற்று மேட்டுக்குக் கிரேன் வந்து சேர்ந்தது. டீசல் எஞ்சின், இரும்புக் கை, கம்பி வடம், ஒரு பெரிய தொட்டி, அவ்வளவுதான். நாள் கணக்கிலோ அடிக் கணக்கிலோ வாடகை பேசுவார்கள். கிரேன் என்ற ஆங்கிலச் சொல் கொக்கு இனத்துப் பறவை ஒன்றின் பெயர். பொருத்தமான பெயர்தான். கிணற்று மேட்டில் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்ற இந்தக் கொக்குக்கு மீன் கிடைக்காத நாளே இல்லை. தண்ணீர் வந்தாலும் வாடகை உண்டு, வராவிட்டாலும் உண்டு. ஆள் மட்டும் வெட்டிய நாளில் இரண்டு முழத்தோடு நிறுத்தி அடுத்த வருஷம் பார்க்கலாம். வாடகை யந்திரம் வந்து நின்றுவிட்டால் நிறுத்த மனம் வராது. "வந்ததுதான் வந்தது, இன்னும் ஓர் அடி" என்று தோன்றும். அந்த ஓர் அடிக்குப் பெண்டாட்டியின் நகை அடகுக் கடைக்குப் போகும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு; வேடிக்கை என்று சொல்ல நாக்குக் கூசுகிறது. ஒருவர் ஐந்தடி ஆழப்படுத்தினால் அடுத்த வயல்காரர் கிணற்றில் நீர் இறங்குகிறது. அவரும் அதே கிரேனை அழைக்கிறார். உடனே முதல்வர் கிணறு வற்றுகிறது. பூமிக்கடியில் இருந்த நீர் ஒரு சொட்டும் கூடவில்லை. இரண்டு பேர் வாடகை மட்டும் கொடுத்து முடித்தார்கள். மல்லாட்டை விற்ற பணம் கல்லாக மேலே ஏறி மேட்டில் கிடந்தது. மூன்றாவது வயல்காரருக்குக் கிரேன் அழைக்க வசதியில்லை. அவருடைய கிணற்றில் எருக்கஞ்செடி முளைத்தது.

இந்தக் கொக்கையும் விரட்ட ஒன்று வந்தது; லாரியில் ஏறி வந்த துளை போடும் யந்திரம். ஆறு அங்குலத் துளையில் ஓர் அடி போனால் வெளியே வரும் கல் 15 கிலோதான். அதையும் காற்றே புழுதியாக ஊதித் தள்ளிவிடுகிறது. 30 டன் எங்கே, 15 கிலோ எங்கே! தூக்குகூலி இரண்டாயிரத்தில் ஒரு பங்காகக் குறைந்ததும் கவலை தீர்ந்தது என்று நினைப்போம். தீரவில்லை. கூலி குறைந்ததனால்தான் ஆழத்துக்கு எல்லை இல்லாமல் போயிற்று. நாற்பது அடியில் நின்ற போட்டி நூற்றுக்கணக்கான அடிக்கு இறங்கியது. 1984-இல் சிறு விவசாயிகளுக்கும் அடுத்த சில ஆண்டுகளில் மற்றவர்களுக்கும் மின்சாரம் இலவசமாயிற்று. ஏழைக்கு அது பெரிய உதவி, சந்தேகமில்லை. ஆனால் நீரை மேலே தூக்கும் கூலியும் அத்தோடு கண்ணுக்கு மறைந்துவிட்டது.

கல்லைத் தூக்குவது கடினமாக இருந்தவரையில், அந்தக் கடினமே பூமிக்கடி நீருக்கு ஒரு காவலாக இருந்தது. யந்திரம் அந்தக் காவலை எடுத்துவிட்டது. அதன் இடத்தில் வேறொன்றை ஊராரோ சர்க்காரோ வைக்கவில்லை. ஏரி நீரைப் பங்கிடத் தெரிந்தவர்கள்தான் நம் முன்னோர். எந்த மதகை எப்போது திறப்பது என்று ஊரே கூடிப் பேசி முறை வைத்தார்கள். கண்ணுக்குத் தெரியாத நீருக்கு அப்படி ஒரு முறை வைக்காதவரையில், கருவியை வாடகைக்கு விடுகிறவனுக்கு வாடகை கிடைத்துக்கொண்டேயிருக்கும். கடைசி அடிக்குக் கூலி கொடுக்கிறவன் எப்போதும் கடைசியில் இருக்கும் குடியானவன்தான்.