ஆடிக் கூழும் புளிப்பு பாக்டீரியாவும்

ஆடி பிறந்தால் மாங்காடு, பூந்தமல்லி வட்டார அம்மன் கோயில்களில் கூழ் வார்ப்பார்கள். கேழ்வரகு மாவை முந்தின நாளே கரைத்துப் புளிக்க வைத்து, மறுநாள் நொய்யோடு சேர்த்துக் காய்ச்சுவார்கள். இந்தப் புளிப்பு நுண்ணுயிரிகளின் வேலை என்று 1857-இல் பாஸ்டர் காட்டினார். அவை குடலுக்கு நல்லவை என்றார், 1908-இல் நோபல் பரிசு பெற்ற மெட்ச்னிகாஃப். அவர் சொன்னது புளித்த பாலைப் பற்றி. நம்மூர்க் கூழை அவர் குடித்திருக்க வாய்ப்பில்லை!

ஆனால் கொதித்தால் பாக்டீரியா செத்துவிடும். புரோபயாடிக் என்றால் அது உயிரோடு வயிற்றுக்குள் போக வேண்டும். ஆக இட்லி தேறாது, சுடச்சுட ஊற்றும் கூழும் தேறாது. காய்ச்சியதை ஓர் இரவு வைத்து, மோர் விட்டுக் கரைத்த கூழில்தான் உயிருள்ளவை இருக்கும். கூழ் அம்மையைத் தடுத்தது என்று சிலர் எழுதுவது மிகை. 1975-க்குப் பிறகு இந்தியாவில் பெரியம்மை இல்லாமல் போனதற்குக் காரணம் தடுப்பூசி.