கரிசல் மண்ணும் சஃபாரி விமானமும்

ஆப்பிரிக்க சஃபாரி வீடியோக்கள்ல ஒரு காட்சி கண்டிப்பா வரும். புல்வெளி நடுவுல ஒரு சரளை மண் ஓடுபாதை. முதல்ல ஒரு ஜீப் போய் வரிக்குதிரைகளை விரட்டும். அப்புறம் பன்னிரண்டு பேர் உட்காரக்கூடிய ஒரு செஸ்னா விமானம் வந்து இறங்கும். ஆளுக்குப் பதினைந்து கிலோ பைதான் அனுமதி. அதுவும் சக்கரம் வச்ச பெட்டி கூடாது, மடங்குற துணிப்பை. நைரோபியில இருந்து மாசாய் மாராவுக்கு ரோட்டுல போனா ஐந்தாறு மணி நேரம். இந்தக் குட்டி விமானத்துல முக்கால் மணி நேரம்.

இது பணக்காரங்க சொகுசுதானேன்னு தோணும். சொகுசுதான். ஆனா அதுக்குக் கீழே இன்னொரு காரணமும் இருக்கு. அது கோவில்பட்டிக்காரங்களுக்கு நல்லாவே தெரிஞ்ச ஒண்ணு: கரிசல் மண்.

நம்ம கரிசலுக்கு ஆங்கிலத்துல 'பிளாக் காட்டன் சாயில்'னு பேரு. கருப்புப் பருத்தி மண். கென்யாவுல மாசாய் மாரா, நைரோபியைச் சுத்தின சமவெளின்னு பல இடங்கள்ல இருக்கிற மண்ணுக்கும் அதே பேருதான். மண்ணோட குணமும் அதேதான். இந்தக் களிமண் தண்ணியைக் குடிச்சா உப்பும், காஞ்சா சுருங்கிப் பாளம் பாளமா வெடிக்கும். ஐப்பசி மழையில எட்டயபுரம் பக்கம் காட்டுக்குள்ள நடந்து பாருங்க. பத்தே எட்டுல செருப்பு ரெண்டு கிலோ ஆயிடும். அதே மண்ணுல நாலு சக்கர வண்டி போனா? மழைக்காலத்துல மாராவுல ஜீப் சிக்குறது சாதாரண விஷயம். அதனாலதான் மேல சரளையைக் கொட்டி ஓடுபாதை போட்டு, மண்ணைத் தொடாமலே தாண்டிப் போறாங்க.

இந்தப் பழக்கம் எப்போ ஆரம்பிச்சது? 1929-ல நைரோபியில ஃப்ளாரன்ஸ் கெர் வில்சன்னு ஒரு பெண்மணி வில்சன் ஏர்வேஸை ஆரம்பிச்சாங்க. இன்னிக்கு சஃபாரி விமானங்கள் கிளம்புற நைரோபி வில்சன் விமான நிலையம் அவங்க பேருலதான் இருக்கு. 1930-ல டெனிஸ் ஃபின்ச் ஹேட்டன் ஒரு ஜிப்சி மோத் விமானத்தை கென்யாவுக்குக் கொண்டு வந்தார். 'அவுட் ஆஃப் ஆப்பிரிக்கா' படத்துல ராபர்ட் ரெட்ஃபோர்ட் நடிச்சது இவர் பாத்திரம்தான். அந்த விமானம் அவருக்கு எதுக்குன்னா, மேலேருந்து யானைக் கூட்டத்தைக் கண்டுபிடிச்சு வேட்டைக்குத் தகவல் சொல்ல. 1931 மே மாசம் வோய்ங்கிற ஊர்ல அதே விமானம் விழுந்து இறந்து போனார். ஆக, சஃபாரி விமானம் வேடிக்கை பார்க்கப் பிறந்தது இல்லை, வேட்டைக்குப் பிறந்தது.

அடுத்த திருப்பம் 1958. ஜெர்மனியைச் சேர்ந்த பெர்ன்ஹார்ட் கிர்ஸிமெக்கும் அவர் மகன் மைக்கேலும் வரிக்குதிரை மாதிரி பெயின்ட் அடிச்ச ஒரு டோர்னியர் விமானத்துல செரெங்கெட்டி மேல பறந்து, அங்கிருந்த மிருகங்களை எண்ணினாங்க. 1959 ஜனவரியில ஒரு கழுகு விமானத்துல மோதி மைக்கேல் இறந்தார். அவங்க எடுத்த ஆவணப்படம் ஆஸ்கர் வாங்குச்சு. செரெங்கெட்டியை உலகமே தெரிஞ்சுக்கிட்டதுல அந்த விமானத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

ஆனா கிர்ஸிமெக் இன்னொண்ணும் சொன்னார்: தேசியப் பூங்காவுக்குள்ள மனுஷங்க யாருமே வாழக்கூடாது, உள்ளூர்க்காரங்களா இருந்தாலும் சரி. அதே 1959-ல பிரிட்டிஷ் ஆட்சி மாசாய் மக்களை செரெங்கெட்டியில இருந்து கொரொங்கோரோ பக்கம் வெளியேத்துச்சு. விமானத்துல இருந்து மிருகத்தை எண்ணலாம். எந்த மழைக்கு எந்தப் புல்லுக்கு மாட்டை ஓட்டணும்ங்கிற மாசாய் கணக்கு மேலேருந்து தெரியாது. தெரியாததை இல்லைன்னு எடுத்துக்கிட்டாங்க.

இப்போ நம்ம ஊருக்கு வருவோம். கோவில்பட்டிக்கும் ஒரு ஓடுபாதை உண்டு, தோணுகால் கிராமத்துப் பக்கம். அதைப் போட்டது பருத்தி ஆலை நடத்தின லட்சுமி மில்ஸ், தங்களோட சொந்த உபயோகத்துக்கு. அங்கே கரிசல் மேல விமானத்தை வரவச்சது யானையும் சிங்கமும். இங்கே பருத்தி. கோவில்பட்டியில வேளாண் ஆராய்ச்சி நிலையம் வந்ததே 1901-ல. இந்த மண்ணை அரசாங்கம் எந்தக் கண்ணோட பார்த்ததுன்னு அதுலயே தெரியும்.

அப்போ இங்கே மிருகம்? வெளிமான். பேரிலேயே வெளி இருக்கு. அடர்ந்த காடு இதுக்கு ஆகாது, திறந்த புல்வெளி வேணும். ஒரு காலத்துல இந்தியச் சமவெளிகள்ல பரவலா இருந்த மான் இது. இயற்கையா வாழுற கூட்டங்கள்ல நாட்டோட தென்கோடிக் கூட்டம் நம்ம தூத்துக்குடி மாவட்டத்து வல்லநாட்டுல இருக்கு. 1987-ல சரணாலயம் ஆச்சு. பரப்பு 16.41 சதுர கிலோமீட்டர். செரெங்கெட்டி 14,700 சதுர கிலோமீட்டருக்கும் மேல. அங்கே மிருகத்துக்காக மனுஷனை நகர்த்தினாங்க. இங்கே மனுஷன் உழுதான், மான் ஒரு குன்றுல ஒதுங்குச்சு. ராத்திரி அது பயிர்ல இறங்கினா நஷ்டம் பக்கத்துக் காட்டுக்காரருக்குத்தான். ரெண்டு கதையிலயும் யாரோ ஒருத்தர் விலை கொடுத்திருக்காங்க.

தோணுகால் ஓடுபாதையில விமானி பயிற்சிப் பள்ளி கொண்டுவர டிட்கோ முயற்சி எடுத்துட்டு வருது. வந்தா நல்லதுதான், நம்ம பிள்ளைங்க படிப்பாங்க. ஆனா வைகாசியில மேலேருந்து பார்த்தா கரிசல் வெறும் பொட்டல் மாதிரிதான் தெரியும். புரட்டாசி, ஐப்பசியில உளுந்தும் பாசியும் சோளமும் விதைச்சு, தை மாசியில அறுக்கிற பூமி அது. விதைக்காத இடம் ஆடு மாட்டுக்கு மேய்ச்சல், மானுக்கு வெளி. அரசாங்கக் கணக்குல மட்டும் இப்படிப்பட்ட நிலத்துக்குப் பல நேரம் 'தரிசு'ன்னு பேரு. தரிசுன்னு எழுதிட்டா, அதுல எதை வேணும்னாலும் கொண்டுவரலாம்னு ஆயிடும். யாருக்கும் எதுவும் போகலைங்கிற மாதிரி.

அடுத்த தடவை மதுரையில இருந்து திருநெல்வேலி போறப்போ, சாத்தூர் தாண்டினதும் போனை வச்சிட்டு ஜன்னல் வழியா பாருங்க. அங்கே என்னென்ன இருக்குன்னு எண்ணிட்டு வந்து எங்களுக்கு எழுதுங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.