மூன்று அரசுகள் எழுதிய சுவர்: தஞ்சையில் இரண்டு நாள்

தஞ்சாவூரைச் சோழர் நகரம் என்று சொல்வது வழக்கம். ஆனால் சோழர் கட்டியவற்றில் நகருக்குள் இன்று கம்பீரமாக நிற்பது பெரிய கோயில் ஒன்றுதான். ராஜராஜன் வாழ்ந்த அரண்மனை எங்கே இருந்தது என்று காட்ட நிலத்துக்கு மேல் எதுவும் மிஞ்சவில்லை. கோட்டையும் அகழியும் அரண்மனையின் பெரும்பகுதியும் நாயக்கர் காலத்தவை. நூலகமும் தர்பாரின் அலங்காரமும் மராட்டியர் தந்தவை. பெரிய கோயிலுக்குள்ளேயே இந்த மூன்று காலங்களும் ஒன்றின்மேல் ஒன்றாகப் படிந்திருக்கின்றன. வார இறுதியில் இரண்டு நாள் ஒதுக்கினால், அந்தப் படிவுகளைப் பிரித்துப் பார்க்கும் அளவுக்கு நகரம் கைக்குள் அடங்கும்.

முத்தரையர் வசம் இருந்த தஞ்சையை விசயாலய சோழன் கைப்பற்றியது சுமார் 850இல். அவன் இங்கே நிசும்பசூதனிக்குக் கோயில் எடுத்ததைத் திருவாலங்காட்டுச் செப்பேடு சொல்கிறது. 985இல் பட்டத்துக்கு வந்த முதலாம் ராஜராஜன், தன் 25ஆம் ஆட்சியாண்டான 1010இல், விமானத்தின் உச்சிக்குப் பொன் வேய்ந்த செப்புக்குடத்தைக் கொடுத்தான். காவிரி வண்டல் படிந்த வயல்வெளியில் கருங்கல் கிடையாது. இப்போதைய புதுக்கோட்டைப் பக்கத்துக் குன்றுகளிலிருந்து ஏறத்தாழ ஐம்பது, அறுபது கிலோமீட்டர் கல் சுமந்து வந்து, சுமார் 60 மீட்டர் உயரத்துக்கு அடுக்கியிருக்கிறார்கள்.

கோயிலைப் பார்க்க ஏற்ற நேரம் முதல் நாள் காலை. வெயில் ஏறினால் முற்றத்துக் கல்லில் வெறுங்காலோடு நிற்க முடியாது. நண்பகலுக்குப் பிறகு மாலை வரை சந்நிதியும் சாத்தியிருக்கும். வெளியே இருக்கும் வாசல் மராட்டியர் காலத்தது. அதைத் தாண்டினால் கேரளாந்தகன் திருவாசல், சேர நாட்டு வெற்றியின் பெயரைத் தாங்கியது. அடுத்தது ராஜராஜன் திருவாசல்; அதன் துவாரபாலகர் ஒவ்வொருவரும் ஒரே கல்லில் வடித்த பேருருவங்கள். பின்னாளில் தென்னாட்டில் கோபுரம் வளர்ந்து விமானம் குறுகிவிட்டது. இங்கே அப்படியில்லை. வாசல்கள் தாழ்ந்து நிற்க, கருவறைக்கு மேலுள்ள பதின்மூன்று நிலை விமானமே கண்ணை நிறைக்கிறது.

விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று வழிகாட்டிகள் இன்றும் சொல்வதுண்டு. மாலையில் சற்று நேரம் நின்று பார்த்தாலே அந்தக் கதை தீர்ந்துவிடும். உச்சிக்கல் எண்பது டன் எடையுள்ள ஒரே பாறை என்பதும் இப்படித்தான். அது பல துண்டுகளைப் பொருத்தி அமைத்தது. இந்த இரண்டு கதைகளைவிட வியப்பான சங்கதி அடித்தளத்துச் சுவர்களில் எழுத்தாகவே இருக்கிறது. அதைக் கவனிப்பவர் குறைவு.

அந்தக் கல்வெட்டுகள் ஒரு பெரும் நிர்வாகத்தின் கணக்குப் புத்தகம். மன்னன் கொடுத்தது, அவன் தமக்கை குந்தவை கொடுத்தது, தேவியர் கொடுத்தது, பிறர் கொடுத்தது என எல்லாவற்றையும் கல்லில் வெட்டச் சொன்னவன் ராஜராஜனே. பொன்னை நிறுத்த எடைக்கல்லுக்கு ஆடவல்லான் என்றும், நகைகளை நிறுத்த கல்லுக்குத் தட்சிணமேருவிடங்கன் என்றும் பெயர் இருந்தது. அறுபதுக்கும் மேற்பட்ட உலோகத் திருமேனிகளுக்கு உயரம் முழக்கணக்கில் பதிவாகியிருக்கிறது. ஒரு விளக்கு அணையாமல் எரிய 96 ஆடுகள். அவற்றை ஏற்றுக்கொண்டவர் நாள்தோறும் ஒரு உழக்கு நெய் அளக்க வேண்டும். கோயிலின் பணம் ஊர்ச் சபைகளுக்குக் கடனாகப் போனது; வட்டி ஆண்டுக்குக் காசுக்கு அரைக்கால் காசு, அதாவது நூற்றுக்குப் பன்னிரண்டரை. ஈழத்து ஊர்களிலிருந்துகூட நெல்லும் இலுப்பை எண்ணெயும் வரவேண்டியிருந்தது.

ஆள் கணக்கு இன்னும் நுட்பமானது. திருப்பதிகம் பாட 48 பேர், அவர்களுக்கு உடுக்கையும் கொட்டிமத்தளமும் வாசிக்க இருவர். சோழநாட்டின் பல தளிகளிலிருந்து கொண்டுவந்து குடியேற்றிய தளிச்சேரிப் பெண்கள், அதாவது ஆடல் மகளிர், 400 பேர். அவர்களுடைய பெயர், முன்பு இருந்த கோயில், இப்போது எந்தச் சிறகில் எத்தனையாவது வீடு என்பது வரை எழுதப்பட்டிருக்கிறது. ஒருவருக்கு ஒரு பங்கு, ஆண்டுக்கு நூறு கலம் நெல். கோயிலை எழுப்பிய தச்சன் குஞ்சரமல்லனும் ராஜராஜப் பெருந்தச்சன் என்ற பட்டத்தோடு அங்கே இருக்கிறான். தலைமைச் சிற்பியின் பெயர் கல்லில் ஏறியது இந்திய அளவில் அரிது.

இவ்வளவும் சுவரில் இருந்தும், பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோயிலைக் கட்டியவன் யாரென்பது ஊராருக்குத் தெளிவாகத் தெரியவில்லை. தலபுராணம் கரிகாலனைக் கைகாட்டியது. 1886இல் சென்னை அரசின் கல்வெட்டு ஆய்வாளராக அமர்ந்த ஜெர்மானியர் ஹூல்ஷ் இவற்றைப் படியெடுத்துப் பதிப்பித்த பிறகே, ராஜராஜனுக்கு உரியது ஐயமற அவனிடம் திரும்பியது. 1970களில் அவனுக்குச் சிலை வைக்க முயன்றபோது, தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள வளாகத்துக்குள் இடம் கிடைக்கவில்லை. சிலை இன்றும் சாலையோரப் பூங்காவில்தான் நிற்கிறது.

கருவறையைச் சுற்றி இரண்டு சுவர்களுக்கு நடுவே இருண்ட திருச்சுற்று ஒன்று உண்டு. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் எஸ். கே. கோவிந்தசாமி 1931இல் அங்கே, உதிர்ந்த நாயக்கர் ஓவியத்துக்குக் கீழே சோழர் ஓவியம் இருப்பதைக் கண்டார். சுந்தரரின் வாழ்க்கையும் திரிபுரம் எரித்த கதையும் அதில் விரிகின்றன. கீழே இருப்பதைப் பார்க்க மேலே இருப்பதை அழிக்க வேண்டுமே என்ற சங்கடத்துக்குத் தொல்லியல் துறை ஒரு வழி கண்டது: நாயக்கர் ஓவியப் படலத்தை அப்படியே உரித்தெடுத்துத் தனிப் பலகைகளில் ஒட்டியது. மேல்தளத்துத் திருச்சுற்றில் பரதத்தின் 108 கரணங்களைச் செதுக்கத் தொடங்கி 81இல் நிறுத்தியிருக்கிறார்கள். மிச்சக் கற்கள் வெறுமையாக நிற்கின்றன. இரண்டு சுற்றுகளிலும் பொதுமக்களுக்கு அனுமதியில்லை. ஓவியங்களின் படங்களைக் கோயில் வளாகத்து விளக்கக் கூடத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

முற்றத்தில் உள்ள மற்றவற்றில் பெரும்பாலானவை பிற்சேர்க்கைகள். அம்மன் சந்நிதி பதின்மூன்றாம் நூற்றாண்டுப் பாண்டியர் காலத்தது. எல்லோரும் படம் எடுத்துக்கொள்ளும் பெரிய நந்தியும் அதன் மண்டபமும் நாயக்கர் காலத்தவை. நுணுக்கமான வேலைப்பாடுடைய முருகன் சந்நிதியும் அப்படியே. பிள்ளையார் சந்நிதியைப் புதுப்பித்தவர் மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜி. அவர் 1803இல், திருச்சுற்று மாளிகையின் தென்மேற்குச் சுவரில் போன்ஸ்லே குலத்தின் வரலாற்றை மராட்டியில் வெட்டுவித்தார். அம்மொழியில் உள்ள மிக நீளமான கல்வெட்டுகளில் ஒன்று அது. கைக்கு வந்த நகரில் தன் குலக்கதையை எழுதி வைக்க ராஜராஜனின் கோயிலைவிடப் பொருத்தமான சுவர் அவருக்கு அகப்படவில்லை. இன்றைக்கும் இக்கோயில் அரண்மனை தேவஸ்தானத்தின் 88 கோயில்களில் ஒன்று. பரம்பரை அறங்காவலர் மராட்டிய அரச வழியினர்.

ராஜராஜனின் மகன் ராஜேந்திரன் தலைநகரைக் கங்கைகொண்ட சோழபுரத்துக்கு மாற்றியதும் தஞ்சையின் முதல் உயர்வு முடிந்தது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மாறவர்மன் சுந்தரபாண்டியன் தஞ்சையையும் உறந்தையையும் எரித்ததை அவனுடைய மெய்க்கீர்த்தியே பெருமையாகச் சொல்லிக்கொள்கிறது. ஊர் போனது, கோயில் தப்பியது. அதன் பிறகு, விசயநகரப் பேரரசின் கீழ்ச் செவ்வப்ப நாயக்கர் ஆட்சி அமைத்த பதினாறாம் நூற்றாண்டில்தான் நகரம் மறுபடி தலைநகரானது. பெரிய கோயிலைச் சுற்றியுள்ள சின்னக்கோட்டை, சிவகங்கைக் குளத்தை உள்ளடக்கிய அரண், அகழி ஆகியவை அப்போது எழுந்தவை. ரகுநாத நாயக்கர் 1620இல் தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்களுக்கு இடம் கொடுத்தார். பொன் தகட்டில் அவர் டென்மார்க் அரசருக்கு அனுப்பிய மடல் இப்போது கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. அமைச்சர் கோவிந்த தீட்சிதரின் மகன் வேங்கடமகி, 72 மேளங்களை வகுத்த ‘சதுர்தண்டி பிரகாசிகை’யை எழுதியதும் இந்த அரசவையின் நிழலில்தான். 1673இல் மதுரை நாயக்கரோடு நடந்த போரில் ரகுநாதரின் மகன் விஜயராகவர் மாண்டார். சில ஆண்டுகளுக்குள் மராட்டிய மன்னர் சிவாஜியின் மாற்றாந்தாய்வழித் தம்பி வெங்கோஜி நகரைப் பிடித்துக்கொண்டார்.

அரண்மனைக்குப் பிற்பகல் ஏற்றது. நாயக்கர் தொடங்கி மராட்டியர் வளர்த்த கட்டடங்களின் கூட்டம் அது. முழுமையான திட்டம் எதுவும் தெரிவதில்லை, பராமரிப்பும் இடத்துக்கு இடம் மாறுகிறது. ஆனால் 1951இல் தொடங்கிய கலைக்கூடத்துக்காகவே இரண்டு மணி நேரம் ஒதுக்கத் தகும். திருவெண்காட்டில் மண்ணுக்கடியில் கிடைத்த இடபவாகனர் அங்கே இருக்கிறார். 1011இல் வார்த்த திருமேனி. காளை இப்போது இல்லை. அதன்மேல் சாய்ந்திருந்த கை மட்டும் அதே ஒயிலோடு நிற்கிறது. பாம்பையே தலைப்பாகையாகச் சுற்றிய அந்த உருவத்தைச் சோழச் செப்புத்திருமேனிகளின் உச்சம் என்று சொல்பவர்களோடு வாதிடக் காரணம் ஏதுமில்லை.

பக்கத்திலேயே சரஸ்வதி மகால். நாயக்கர் காலத்திலிருந்தே ஏடுகள் சேர்ந்துவந்தாலும், நூலகத்தை இன்றைய நிலைக்கு உயர்த்தியவர் இரண்டாம் சரபோஜி (1798–1832). 1799 ஒப்பந்தத்தால் நாட்டின் நிர்வாகம் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனிக்குப் போய்விட்டது. கோட்டையும் சுற்றுப்புறமும் மட்டுமே அவருக்கு மிச்சம். வரி தண்டவும் படை நடத்தவும் வேலையில்லாத மன்னர் புத்தகத்திலும் மருத்துவத்திலும் இறங்கினார். காசி யாத்திரையில் சுவடிகள் சேர்த்தார், தேவநாகரி அச்சகம் வைத்தார், கண் நோயாளிகளின் விவரங்களைப் படத்தோடு பதிவு செய்வித்தார். சமஸ்கிருதம், தமிழ், மராட்டி, தெலுங்கு என நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட சுவடிகள் இங்குள்ளன, பெரும்பகுதி சமஸ்கிருதம். 1918இல் நூலகம் பொதுமக்களுக்கு உரியதானது. பார்வையாளர் காண்பது சிறிய அருங்காட்சியகம்தான், சுவடிகள் ஆய்வாளர்களுக்கு. சாம்பார் பிறந்தது இந்த அரண்மனைச் சமையலறையில் என்ற கதையும் உலவுகிறது. சுவையான கதை, ஆதாரம்தான் கைக்கு எட்டவில்லை.

சரபோஜியை வளர்த்து ஆளாக்கியவர்களில் ஒருவர் பாதிரியார் சுவார்ட்ஸ். சிவகங்கைப் பூங்காவை ஒட்டி 1779இல் எழுந்த தேவாலயத்தில், மரணப் படுக்கையில் கிடக்கும் பாதிரியாரின் கையை மன்னர் பற்றியிருக்கும் பளிங்குப் புடைப்புச் சிற்பம் இருக்கிறது. லண்டன் சிற்பி ஜான் பிளாக்ஸ்மனிடம் சொல்லிச் செய்வித்தவர் சரபோஜியே. இந்து அரசர் ஒருவர் கிறித்தவப் பாதிரியாருக்கு எழுப்பிய நினைவுச் சின்னம் என்பதால், ஊருக்கு வருகிறவர்கள் இதைத் தவறவிடக் கூடாது.

இரண்டாம் நாள் காலை, அரண்மனையைச் சூழ்ந்த நான்கு வீதிகளுக்கு. மேலவீதியில் உள்ள பங்காரு காமாட்சி கோயிலின் பொன்னம்மன் காஞ்சியிலிருந்து வந்தவள் என்பது மரபு. இசைமேதை சியாமா சாஸ்திரிகள் இங்கே அர்ச்சகராக இருந்தவர். சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்னும் சகோதரர் நால்வர் சரபோஜி காலத்துச் சதிர்க் கச்சேரிக்கு வகுத்த வரிசைதான் அலாரிப்பில் தொடங்கித் தில்லானாவில் முடியும் இன்றைய பரதநாட்டிய நிகழ்ச்சி. ராஜராஜனின் தளிச்சேரிக்கும் இந்த நால்வருக்கும் நடுவே எண்ணூறு ஆண்டுகள். 2015இல் புதுத் தேர் செய்து பெரிய கோயிலின் தேரோட்டத்தை மீட்டதும் இதே ராஜவீதிகளில்.

1855இல் ஆண் வாரிசின்றிச் சரபோஜியின் மகன் இரண்டாம் சிவாஜி இறந்ததும் கம்பெனி அரசை எடுத்துக்கொண்டது. அரண்மனையை நம்பியிருந்த கைவினைஞர்கள் புது ஆதரவாளரைத் தேட வேண்டியதாயிற்று. பலாப்பலகையில் துணி ஒட்டி, சுண்ணப்பொடிக் கலவையால் புடைப்பாக்கி, தங்க ரேக்கும் கற்களும் பதிக்கும் தஞ்சாவூர் ஓவியம் பூசையறைகளுக்கும் செட்டிநாட்டு வீடுகளுக்கும் போய்ச் சேர்ந்தது. தஞ்சாவூர்த் தட்டு, தலையாட்டி பொம்மை, நெட்டி வேலை ஆகியவை இன்றும் நகரில் நடக்கின்றன. வீணைப் பட்டறை ஒன்றையாவது பார்ப்பது நல்லது: பலாமரத்தில் குடமும் தண்டியும் யாளிமுகமும் கடைந்து, மெழுகுப் பாத்தியில் 24 மெட்டுகளைச் சுருதி பார்த்து ஊன்றுவார்கள். குடம் முதல் யாளிவரை ஒரே மரத்தில் குடைந்தால் அது ஏகாந்த வீணை. வாங்க நினைப்பவர் பட்டறையிலேயே விலை கேட்பது உத்தமம். பெரிய கோயில் வாசலில் விற்பவை பெரும்பாலும் வேறு தரம்.

மாலைக்குத் திருவையாறு, வடக்கே சுமார் 13 கிலோமீட்டர். ஐந்து ஆறுகளின் ஊர், ஐயாறப்பர் கோயில், கடைத்தெருவில் அசோகா அல்வா. 1847இல் மறைந்த இசைமேதை தியாகராசரின் சமாதி காவிரிக் கரையில் நெடுங்காலம் கவனிப்பாரின்றிக் கிடந்தது. அங்கே 1920களில் கோயில் எழுப்பச் செலவிட்டவர் பெங்களூர் நாகரத்தினம்மாள். தியாகராசர் நினைவாக நடக்கும் சனவரி ஆராதனையில் பெண்கள் பாட அன்று இடமில்லை. அவர் பெண்களைத் திரட்டித் தனி ஆராதனை நடத்தினார். தனித்தனியே ஆராதனை நடத்திவந்த குழுக்கள் 1940களின் தொடக்கத்தில் ஒன்றாயின. 1952இல் இறந்த அவருடைய நினைவிடம் தியாகராசர் சமாதிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.