அயர்ன்வீட் (திரைப்படம்)

அயர்ன்வீட் 1987 டிசம்பரில் வெளிவந்த அமெரிக்கத் திரைப்படம். பெருமந்தக் காலத்தின் கடைசிக் கட்டமான 1938-இல், நியூயார்க் மாநிலத் தலைநகர் ஆல்பனியின் தெருக்களில் வீடு வாசலின்றித் திரியும் குடிகாரர்கள் சிலரின் சில நாள்களே இதன் கதை. வில்லியம் கென்னடியின், 1983-இல் வெளிவந்த இதே பெயருள்ள நாவலைத் தழுவியது. திரைக்கதையையும் அவரே எழுதினார். இயக்கியவர் எக்டர் பபென்கோ. ஜாக் நிக்கல்சனும் மெரில் ஸ்ட்ரீப்பும் முதன்மை வேடங்களில் நடித்தனர். படத்தின் நீளம் 143 நிமிடம்.

ஆல்பனியில் பிறந்து அந்நகரிலேயே செய்தியாளராகவும் பணியாற்றியவர் கென்னடி. அந்நகரை வைத்து அவர் எழுதிய நாவல் வரிசையில் ‘லெக்ஸ்’ (1975), ‘பில்லி ஃபீலன்ஸ் கிரேட்டஸ்ட் கேம்’ (1978) ஆகியவற்றுக்குப் பின் வந்தது ‘அயர்ன்வீட்’. கையெழுத்துப் படியைப் பல பதிப்பகங்கள் திருப்பி அனுப்பின. தெருவில் கிடக்கும் குடிகாரர்களின் கதையை யார் விலை கொடுத்து வாங்குவார்கள் என்ற தயக்கம் அவற்றுக்கு இருந்தது. நாவலாசிரியர் சால் பெல்லோ வைக்கிங் பதிப்பகத்துக்குக் கடிதம் எழுதிப் பரிந்துரைத்த பின்னரே நூல் அச்சேறியது. அடுத்த ஆண்டு புனைவுக்கான புலிட்சர் பரிசை அது பெற்றது.

கதை நிகழும் காலத்தைத் தெரிந்துகொண்டால் படத்தின் இருட்டு புரியும். 1929-இல் பங்குச்சந்தை சரிந்ததைத் தொடர்ந்து, 1933-இல் அமெரிக்கத் தொழிலாளர்களில் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கு வேலை இல்லை. நிலைமை தேறிவந்த வேளையில், 1937-38-இல் பொருளாதாரம் மீண்டும் சறுக்கியது. வேலை தேடிச் சரக்கு ரயில்களில் திருட்டுத்தனமாக ஏறி ஊர் ஊராகப் போனவர்கள், ரயில் பாதையோரம் தகரமும் அட்டையும் கொண்டு குடிசை போட்டுத் தங்கினார்கள். கிறித்தவ அறப்பணி மையங்கள் சூப்பும் படுக்கையும் தந்தன. பல இடங்களில் பிரசங்கத்தைக் கேட்டு முடித்த பிறகே சாப்பாடு. மதுவிலக்கு 1933 டிசம்பரில் நீங்கிவிட்டதால் மலிவு ஒயின் கிடைப்பதில் சிரமம் இல்லை. குடிநோயாளிகள் ஒருவருக்கொருவர் துணையாக நின்று மீளும் ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’ 1935-இல் தொடங்கியிருந்தாலும் அது அப்போது மிகச் சிறிய இயக்கம். தெருவில் இருப்பவனின் குடி நோயாக அல்ல, ஒழுக்கக்கேடாகவே எண்ணப்பட்ட காலம் அது.

கதைநாயகன் பிரான்சிஸ் ஃபீலன் (நிக்கல்சன்) ஒருகாலத்தில் தொழில்முறை பேஸ்பால் ஆட்டக்காரன். 1901-இல் ஆல்பனியில் உண்மையாகவே ஒரு டிராம் தொழிலாளர் வேலைநிறுத்தம் நடந்தது. கதையில், அந்த நேரத்தில் வண்டி ஓட்ட வந்த கருங்காலி ஒருவன் மீது பிரான்சிஸ் வீசிய கல் அவன் உயிரைக் குடித்தது. பிரான்சிஸ் ஊரை விட்டு ஓடினான். திரும்பி வந்து குடும்பமாய் வாழ்ந்தவனின் கையிலிருந்து 1916-இல், பிறந்து பதின்மூன்று நாளே ஆன ஆண்குழந்தை நழுவி விழுந்து இறந்தது. மனைவியையும் மற்றப் பிள்ளைகளையும் விட்டுவிட்டு அவன் மறுபடி ஓடினான். இருபத்திரண்டு ஆண்டுகள் கழித்து அதே ஊருக்கு வந்து சேர்ந்தவன், கூலிக்குக் குழி வெட்டப் போகும் கல்லறைத் தோட்டத்தில்தான் அந்தக் குழந்தையின் கல்லறையும் இருக்கிறது.

அவனோடு சுற்றுபவள் ஹெலன் ஆர்ச்சர் (ஸ்ட்ரீப்). இசை கற்றவள், பாடகியாக இருந்தவள். இப்போது வயிற்றில் கட்டியோடு இரவு தங்க இடம் தேடுகிறாள். இன்னொருவன் ரூடி. தனக்குப் புற்றுநோய் இருப்பதை ஊர்ச் செய்திபோல அவன் பிறரிடம் சொல்லித் திரிகிறான். அறப்பணி மையத்தின் வாசலில் குடிபோதையில் விழுந்து கிடக்கும் ஒரு பெண் குளிரில் விறைத்துச் சாகிறாள். படுக்க இடம் கிடைக்காத ஹெலன் பாழடைந்த காரொன்றில் ஒருவனுக்கு உடலைக் கொடுத்து இரவைக் கழிக்கிறாள். அந்தக் காரில் அவளை ஏற்றிவிடுபவன் பிரான்சிஸ்தான். அதைக் கொடுமை என்று அவர்கள் இருவருமே சொல்லிக்கொள்வதில்லை. படத்தின் துயரம் கனப்பது இத்தகைய இடங்களில்.

மதுக்கூடக் காட்சியே படத்தின் உச்சம் என்று கூறலாம். பழைய பாடகரும் இப்போது அங்கே மது ஊற்றிக் கொடுப்பவருமான ஆஸ்கர் ரியோ (ஃபிரெட் க்வின்) ஹெலனைப் பாடச் சொல்கிறார். ‘ஹீஸ் மீ பால்’ என்ற பழைய பாட்டை அவள் பாடப் பாட, குரல் மெருகேறுகிறது, கூட்டம் எழுந்து ஆர்ப்பரிக்கிறது. அதெல்லாம் அவள் மனத்துக்குள் நடந்தது என்பது பாட்டு முடியும்போதுதான் தெரிகிறது. குரல் உடைந்திருக்கிறது, கைதட்டல் ஓரிருவரிடமிருந்து மட்டும் வருகிறது.

இறந்தவர்கள் பிரான்சிஸைத் தேடி வந்துகொண்டே இருக்கிறார்கள். கல்லடியில் செத்த டிராம் ஓட்டுநராக வருபவர் நேத்தன் லேன். நாவலில் இந்த ஆவிகள் நினைவு எது, நிகழ்வு எது என்று பிரிக்க முடியாத நடையில் வந்து போகின்றன, கேலியும் பேசுகின்றன. திரையில் அவர்களுக்கு முகமும் உடையும் வந்துவிட்டபின் அந்த மயக்கம் குறைந்துவிடுகிறது. நாவலின் நகைச்சுவையும் திரையில் பெரிதும் உதிர்ந்துவிட்டது.

கையில் வான்கோழியோடு பிரான்சிஸ் தன் வீட்டுக்குப் போகும் பகுதி வேறொரு தளத்தில் நிற்கிறது. குழந்தை எப்படி இறந்தது என்பதை மனைவி ஆனி (கரோல் பேக்கர்) இத்தனை ஆண்டுகளும் வெளியே சொல்லாமல் காத்து வந்தாள். மகனும் மனம் இளகுகிறான். மகள் மட்டும் முதலில் முகம் கொடுப்பதில்லை. தங்கிவிடலாம் என்று ஆனி சொல்லியும் அவன் தெருவுக்கே திரும்புகிறான். வேலையின்மையும் குடியும் ஒருவனை வீதிக்குத் தள்ளுவதைச் சொல்லும் படங்கள் உண்டு. கதவு திறந்திருந்தும் உள்ளே போக முடியாத ஒருவனைக் காட்டுவதே அயர்ன்வீட்டின் தனித்தன்மை. அவனுக்குக் குடி காரணம் அல்ல, குற்றவுணர்வோடு காலம் தள்ளுவதற்கான வழி. அதற்காகக் காலத்தின் கொடுமையைப் படம் மறந்துவிடவும் இல்லை: கம்புகளோடும் தீப்பந்தங்களோடும் வரும் கும்பல் ஒன்று வீடற்றோரின் குடிசைகளைச் சூறையாடுகிறது, ரூடி அடிபட்டுச் சாகிறான், பிரான்சிஸ் தாக்க வந்தவன் ஒருவனைக் கொல்கிறான். ஹெலன் விடுதி அறையில் தனியே இறக்கிறாள். சரக்கு ரயிலில் ஏறும் பிரான்சிஸ் வீடு திரும்புகிறானா, திரும்புவதாக நினைத்துக்கொள்கிறானா என்பதை முடிவு திட்டவட்டமாகச் சொல்வதில்லை.

அர்ஜென்டினாவில் பிறந்து பிரேசிலில் வாழ்ந்த பபென்கோவுக்கு இந்த உலகம் புதிதல்ல. சாவ் பாவ்லோவின் தெருச் சிறுவர்களைப் பற்றிய ‘பிஷோச்சி’ அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது; ‘கிஸ் ஆஃப் த ஸ்பைடர் வுமன்’ (1985) சிறந்த இயக்குநருக்கான ஆஸ்கர் பரிந்துரையைக் கொணர்ந்தது. அயர்ன்வீட்டின் ஒளிப்பதிவாளர் லாரோ எஸ்கொரெல் பிரேசிலைச் சேர்ந்தவர். இசை ஜான் மாரிஸ். படப்பிடிப்பு பெரும்பாலும் ஆல்பனியிலும் அதன் சுற்றுவட்டாரத்திலும் நடந்தது. ரூடியாக வரும் டாம் வெய்ட்ஸ், மதுக்கூட மனிதர்களைப் பற்றிப் பல பாட்டுகள் எழுதிப் பாடிய இசைக்கலைஞர். தேர்ந்த நடிகர்கள் நடுவே இயல்பு குன்றாமல் நிற்பவர் அவரே.

சுமார் 2.7 கோடி டாலர் செலவில் உருவான படம் அமெரிக்காவில் ஏறத்தாழ 74 லட்சம் டாலரே ஈட்டியது. கிறிஸ்துமஸ் காலத்தில் இவ்வளவு இறுக்கமான படத்தைக் காண மக்கள் திரளாததில் வியப்பில்லை. விமர்சகர்கள் நடிப்பைப் போற்றினர். மெதுவான ஓட்டமும் நெகிழாத துயரமும் பலருக்குச் சுமையாகப் பட்டன. நிக்கல்சனும் ஸ்ட்ரீப்பும் ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்டு, முறையே மைக்கேல் டக்ளஸிடமும் ஷெரிடமும் தோற்றனர். நியூயார்க் திரை விமர்சகர் வட்டம், இதையும் அதே ஆண்டின் வேறிரு படங்களையும் சேர்த்து, சிறந்த நடிகருக்கான விருதை நிக்கல்சனுக்கு அளித்தது. சார்லஸ் புக்கோவ்ஸ்கி எழுதிய ‘பார்ஃப்ளை’ என்ற குடிகாரர் படமும் 1987-இல்தான் வந்தது. குடியின் குதூகலத்துக்கு அது கொடுத்த இடத்தை அயர்ன்வீட் கொடுக்கவில்லை. ஃபீலன் குடும்பத்தின் கதையைக் கென்னடி ‘வெரி ஓல்ட் போன்ஸ்’ (1992) நாவலில் தொடர்ந்தார்.