வெள்ளலூர் வெள்ளியும் அரபுத் தீனாரும்

சிங்காநல்லூரிலிருந்து நொய்யலாற்றைக் கடந்து தெற்கே சென்றால் வெள்ளலூர். அவ்வூர் மண்ணுக்குள்ளிருந்து 1842ஆம் ஆண்டில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட வெள்ளிக் காசுகள் வெளிப்பட்டன. அவற்றுள் பெரும்பாலானவை அகஸ்டஸ், திபேரியஸ் என்னும் உரோமப் பேரரசர்களின் உருவம் பொறித்தவை. அக்காசின் பெயர் 'தெனாரியஸ்'. குவைத்திலும் பஹ்ரைனிலும் உழைக்கும் நம் பிள்ளைகள் ஊதியமாகப் பெறும் 'தீனார்' என்னும் சொல்லுக்கு மூதாதை இதுவேயாகும்.

இலத்தீனில் 'தெனி' என்றால் பப்பத்து என்று பொருள். 'ஆஸ்' எனப்படும் செப்புக்காசு பத்துக்கு ஈடான வெள்ளிக்காசு ஆதலின் தெனாரியஸ் என்றனர். பின்னாளில் அதன் மதிப்பு பதினாறு ஆஸாக உயர்ந்தது. ஆயினும் பெயர் மாறவில்லை. மதிப்பு மாறினாலும் பெயர் நிலைப்பது நாணயங்களின் இயல்பு போலும்!

இக்காசுகள் கொங்கு நாட்டிற்கு எங்ஙனம் வந்தன? சேர நாட்டு முசிறித் துறையில் இறங்கிய யவன வணிகம், பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கொங்கு நாட்டைக் கடந்து கரூர் வரை நடந்தது. அவ்வழியில் நொய்யற் கரையில் கொடுமணல் இருந்தது. மணிகள் இழைக்கும் தொழிலும் இரும்புத் தொழிலும் அங்குச் சிறந்திருந்தன. காங்கயத்தை அடுத்த படியூரில் பச்சைக்கல் கிடைத்தது. மலைநாட்டு மிளகும் இம்மணிகளும் மேற்கே சென்றன. வெள்ளியும் பொன்னும் கிழக்கே வந்தன. இந்தியா ஆண்டுதோறும் ஐந்து கோடி செஸ்டெர்ஷியஸ் பணத்தை உறிஞ்சிவிடுகிறது என்று உரோமப் பேரறிஞர் பிளினி குறைபட்டுக்கொண்டார். நான்கு செஸ்டெர்ஷியஸ் ஒரு தெனாரியஸ். ஆகவே அது ஒன்றேகால் கோடி தெனாரியஸ் ஆகிறது.

காசு நடந்த வழியெல்லாம் சொல்லும் நடந்தது. வடநாட்டில் குப்தர் காலச் சாசனங்கள் பொற்காசைத் 'தீனாரம்' என்றன. கிரேக்கர், சிரியர் நாவில் பழகி அச்சொல் அரபு மொழியை அடைந்தது. வெள்ளிக்குரிய பெயர் பொன்னுக்கு வந்தது எப்படி? உரோமர் தம் பொற்காசைப் 'பொன் தெனாரியஸ்' என்றும் அழைத்தனர். காலப்போக்கில் கிழக்கு நாடுகளில் பெயர் பொன்னோடு ஒட்டிக்கொண்டது. வெள்ளிக்காசுக்கோ கிரேக்க 'திராக்மா' திரிந்து 'திர்ஹம்' ஆயிற்று. அண்ணல் நபி (ஸல்) அவர்கள் காலத்தில் அரபு நாட்டில் வழங்கியவை உரோமத் தீனாரும் பாரசீகத் திர்ஹமுமே. ஹிஜ்ரி 77இல் (கி.பி. 696-97) உமையாக் கலீஃபா அப்துல் மலிக் இப்னு மர்வான், உருவம் ஏதுமின்றி அரபு எழுத்துகள் மட்டுமே கொண்ட தீனாரை வெளியிட்டார். அதன் எடை ஏறத்தாழ 4.25 கிராம்.

அருமறையில் 'தீனார்' ஒரே ஓரிடத்தில், ஆலு இம்ரான் அத்தியாயத்தின் 75ஆம் வசனத்தில் வருகிறது. அங்ஙனமாயின், தெளிந்த அரபியில் அருளப்பெற்ற திருமறையில் பிறமொழிச் சொல் இருக்கலாமோ? இவ்வினா முன்னோரிடையே எழுந்த வினாதான். மறையின் மொழி முழுவதும் அரபியே என்று வலியுறுத்தினார்கள் இமாம் ஷாஃபியீ (ரஹ்). சொல்லின் பிறப்பு வேறு மொழியிலாயினும், அரபியர் நாவில் பழகிய பின் அது அரபியே என்று இரு சாராரையும் இணைத்தார்கள் அபூ உபைத் (ரஹ்). தமிழுக்கும் இந்நெறி பொருந்தும். நம் இல்லங்களில் வழங்கும் எத்தனையோ சொற்கள் கடல் கடந்து வந்தவை. அவற்றை அயல் என்று ஒதுக்குவோர் யார்?

அவ்வசனம் பேசும் பொருளும் சிந்திக்கத்தக்கது. பெருஞ்செல்வத்தை ஒப்படைத்தாலும் திருப்பித் தருவோர் உண்டு. ஒரே ஒரு தீனாரை ஒப்படைத்தாலும், தலைமாட்டில் நின்றாலன்றித் தராதோரும் உண்டு என்கிறது. இதனை விளக்குமிடத்து, மாலிக் இப்னு தீனார் (ரஹ்) சொன்னதாக இப்னு கதீர் ஒரு கருத்தைத் தருகிறார்: தீனாரில் 'தீன்' உண்டு, 'நார்' உண்டு, முறையோடு பெற்றவனுக்கு அது மார்க்கம், முறைதவறிப் பெற்றவனுக்கு நெருப்பு. சொல்லாராய்ச்சிக்கு இது ஒவ்வாது. சொல்லின் வேர் உரோமில்தான் இருக்கிறது. ஆனால் காசைக் கையில் வாங்குகிறவன் மறவாதிருக்க வேண்டியது இந்தப் பொருளையே.

1961 வரை குவைத்தில் இந்தியா வெளியிட்ட ரூபாயே வழங்கியது. பிறகே தீனார் வந்தது. யாருடைய பணம் யாரிடம் செல்லும் என்பது காலத்துக்குக் காலம் மாறும். பிறர் நம்பி ஒப்படைத்த அமானிதத்தைத் திருப்பித் தரும் கடமை மட்டும் மாறுவதில்லை.