ககரம் 3 ஆகும் திரை: இந்திய எழுத்துகளும் டெர்மினல் எமுலேட்டரின் அமைவுப் பக்கமும்

இந்திய அலுவலகங்களின் மொழியைப் பற்றி எழுதுவோர் 1963-ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டத்தையும் 1976-ஆம் ஆண்டு விதிகளையும் தவறாமல் எடுத்துக்காட்டுவர். அவ்விதிகள் தமிழ்நாடு நீங்கலாக இந்தியா முழுமைக்கும் பொருந்தும் என்னும் தொடக்க வரி தமிழ் ஆய்வாளர்களுக்கு நன்கு தெரிந்ததே. எனினும், கணினி நுழைந்த பிறகு ஓர் எழுத்தர் எந்த வரிவடிவத்தில் தட்டச்சு செய்ய முடியும் என்பது பல இடங்களில் சட்டநூலைவிட மிகச் சிறிய ஓரிடத்தில் தீர்மானமாயிற்று. மேசைக் கணினியில் டெர்மினல் எமுலேட்டரை நிறுவ வந்த தொழில்நுட்ப ஊழியர் நிரப்பிச் சென்ற அமைவுப் பக்கமே அவ்விடம்.

முனையம் என்பது தானாக எதையும் கணிக்காத கருவி. விசைப்பலகையில் அழுத்தப்படும் குறியீட்டை மையக் கணினிக்கு அனுப்பும். அங்கிருந்து வரும் குறியீட்டைத் திரையில் காட்டும். டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷன் 1978-இல் வெளியிட்ட விடி100 இவ்வகையின் இலக்கணமாகவே நிலைத்துவிட்டது. 80 நெடுவரிசை, 24 வரி. அந்த 80-உம் ஐபிஎம் நிறுவனம் 1928-இல் கொண்டுவந்த துளை அட்டையின் மிச்சம். இக்கட்டங்கள் ஒவ்வொன்றிலும் ஒரு குறியீடு அமரும். குறியீடு வந்த வரிசையிலேயே இடமிருந்து வலமாக எழுத்து நிற்கும். ஆங்கிலத்திற்கு இது இயல்பான ஏற்பாடு. ஆங்கிலத்திற்கு இயல்பானது என்பதாலேயே இது ஓர் ஏற்பாடு என்பதும் மறந்துபோயிற்று.

தமிழில் ‘கி’ ககரத்திற்கு வலப்புறம் நீளும். ‘கெ’ இடப்புறம் கொம்பு பெறும். ‘கொ’ இருபுறமும் சூழும். ஒலிப்பு வரிசையில் மெய் முன்னும் உயிர் பின்னுமாக இருக்க, எழுதும் வரிசை வேறாகிறது. தேவநாகரியில் இகரக் குறி மெய்க்கு முன்னே வருகிறது. கூட்டெழுத்துகளில் மெய்களின் உருவமே மாறிவிடுகிறது. தட்டச்சுப்பொறி இச்சிக்கலைத் தட்டச்சரின் தலையில் கட்டியது: கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே அவர் அடிக்க வேண்டும். அகரவரிசைப்படுத்தவும் தேடவும் பயன்பட வேண்டிய கணினிக் கோப்புக்கு அந்த வழி உதவாது.

இதற்கான விடை இந்தியாவிலேயே, வியக்கத்தக்க விரைவில் கிடைத்தது. கான்பூர் ஐஐடியில் உருவான தேவநாகரிக் கணினியின் முன்மாதிரி 1983-இல் டெல்லியில் நடந்த உலக இந்தி மாநாட்டில் காட்டப்பட்டது. 1986-இல் இன்ஸ்கிரிப்ட் விசைப்பலகை வரையறுக்கப்பட்டது. கான்பூர்ப் பணி புணேயிலுள்ள சி-டாக் நிறுவனத்துக்கு மாறி, ஜிஸ்ட் என்னும் பெயரில் முனையமாகவும் கணினியில் செருகும் அட்டையாகவும் வெளிவந்தது. இதன் அடிப்படையான இஸ்கி குறியீட்டை இந்தியத் தரநிலைகள் பணியகம் 1991-இல் ஐஎஸ் 13194 என்ற எண்ணில் ஏற்றது.

மொழியியல் நோக்கில் இஸ்கி ஆழ்ந்து படிக்கத்தக்க ஆவணம். பிராமியிலிருந்து கிளைத்த வரிவடிவங்கள் அனைத்துக்கும் அது ஒரே குறியீட்டு அட்டவணையை வைத்தது. எழுத்து ஒலிப்பு வரிசையில் சேமிக்கப்படும்; எந்த வரிவடிவில் காட்டுவது என்பதைத் தனியொரு பண்புக் குறி சொல்லும். ஒரே பெயரைத் தெலுங்கிலும் வங்காளத்திலும் மாற்றிப் பார்க்கலாம். தமிழுக்கு வேண்டாத வர்க்க எழுத்துகளின் இடங்கள் தமிழில் காலியாக நின்றன. இன்றைய யூனிகோடு தமிழ்ப் பகுதியில் இடையிடையே காணும் வெற்றிடங்கள் அங்கிருந்து வந்த மரபுரிமைதாம்.

ஜிஸ்ட் முனையத்தின் சிறப்பு, உருவத்தை அமைக்கும் அறிவை அது தன்னிடமே வைத்திருந்தது. மையக் கணினிக்குத் தமிழும் தெரியாது, இந்தியும் தெரியாது. அது பைட்டுகளை வாங்கி வைத்துத் திருப்பித் தந்தது. கொம்பைத் தூக்கி முன்னே வைப்பது முனையத்தின் வேலை. அட்டையும் அப்படியே: டிபேஸ், லோட்டஸ், வேர்ட்ஸ்டார் போன்ற டாஸ் கால மென்பொருள்கள் ஒரு வரியும் மாறாமல் இந்திய எழுத்துகளைக் காட்டின. ஐபிஎம் கணினியின் எழுத்துத் தொகுதியில் பெட்டிக்கோடு வரையும் குறிகள் நடுவில் இடம்பிடித்திருந்ததால், எழுத்துகளை இரு கூறாகப் பிரித்து அவற்றைச் சுற்றி அமர்த்திய தனி இஸ்கி வடிவமும் தேவைப்பட்டது. கட்டம் கட்டிய பட்டியல் இல்லாமல் எந்த அலுவலகம் நடக்கும்?

பிறகு முனையமே மேசையிலிருந்து மறையத் தொடங்கியது. தனிக்கணினி ஒன்றிருந்தால் அதிலேயே கடிதமும் எழுதலாம், முனையம்போல் நடிக்கவைத்து மையக் கணினியிலும் நுழையலாம். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 1981-இல் தொடங்கிய கெர்மிட், விண்டோஸ் 95-உடன் வந்த ஹைப்பர்டெர்மினல் ஆகியவை இப்பணியைச் செய்தன. எமுலேட்டர் எதைப் போலி செய்தது என்பதுதான் இங்கே கேள்வி. பட்டியலில் விடி52, விடி100, விடி220, விடி320 இருந்தன. கான்பூரும் புணேயும் முனையத்தில் வைத்த அறிவு விடி100-இன் இலக்கணத்தில் இல்லை. ஆகவே அந்த இலக்கணத்தைப் பிசகாமல் பின்பற்றிய மென்பொருளிலும் இல்லை.

நிறுவும் ஊழியரின் பட்டியல் நீளமானது: முனைய வகை, 80 அல்லது 132 நெடுவரிசை, வேகம், பேரிட்டி, ஒரு குறிக்கு எத்தனை பிட், பிஎஃப் விசைகள் எந்த விசையில், அச்சுப்பொறி எங்கே. இவற்றுள் பிட் எண்ணிக்கையே எழுத்தின் தலைவிதி. ஆஸ்கிக்கு ஏழு பிட் போதும். இஸ்கியின் இந்திய எழுத்துகள் முழுவதும் எட்டாம் பிட்டில் நிற்பவை. ஏழு பிட், இரட்டைப் பேரிட்டி என்று அமைத்தால் அந்தப் பிட் உதிர்ந்துவிடும். அப்போது ககரம் 3 என்னும் எண்ணாகும். ‘தமிழ்’ என்ற சொல் பி, எல், ஒரு சதுர அடைப்புக்குறி, எஸ், சிறிய எச் என ஐந்து குறிகளாகச் சிதறும். எட்டு பிட் அமைத்தாலும், எமுலேட்டர் விடி220-இன் மேற்கு ஐரோப்பிய எழுத்துத் தொகுதியில் நின்றால் ககரம் மேலொட்டாக எழுதிய சிறிய 3 ஆகும். எப்படிப் பார்த்தாலும் மூன்றுதான்.

இத்தகைய சூழலில் உரோமன் எழுத்தில் உள்ளிடுவதே இடரற்ற வழி. டெல்லியில் 1986-இல் தொடங்கிய ரயில் முன்பதிவு வாக்ஸ் கணினிகளில் நடந்தது. பின்னர் கிரிஸ் நிறுவனம் உருவாக்கிய கான்செர்ட் ஓபன்விஎம்எஸ் இயங்குதளத்தில் அமைந்தது. முன்பதிவுப் படிவம் பன்மொழியில் அச்சானாலும் பயணியின் பெயர் ஆங்கில எழுத்தில் உள்ளே சென்றது; பெட்டியில் ஒட்டும் பட்டியலில் அதுவே எழுத்துப்பெயர்க்கப்பட்டு இந்தியில் வெளிவந்தது. இத்திசையைக் கவனிக்க வேண்டும். தமிழிலிருந்து உரோமனுக்குப் போவது விதிக்கு அடங்கும். திரும்பி வருவது அடங்காது: வி, ஏ, எல், எல், ஐ என்று ஒருமுறை உள்ளிட்டுவிட்டால், அவர் வள்ளியா வல்லியா என்பதை எந்த நிரலும் சொல்ல முடியாது. பெயர் முதலில் இந்திய எழுத்தில் பதிவாகியிருந்தால் உரோமன் வடிவை எப்போது வேண்டுமானாலும் பெற்றிருக்கலாம்.

விஎஸ்என்எல் 1995 ஆகஸ்ட் 15-இல் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்தபோதும் மாணவர் கணக்குகள் எழுத்து மட்டுமே காட்டும் முனைய வகையாக இருந்தன. அக்காலத் தமிழ் யூஸ்நெட் உரையாடல்கள் உரோமன் எழுத்தில் நடந்ததை வெறும் பழக்கமாகப் படிப்பது பிழை.

யூனிகோடு வந்தபின் சிக்கல் இடம்பெயர்ந்தது. இன்று பரவலாக உள்ள புட்டி என்னும் எமுலேட்டரின் பழைய வடிவங்களில் இயல்பிருப்பு மேற்கு ஐரோப்பிய எழுத்துத் தொகுதியே. யூடிஎஃப்-8 என்று மாற்றாதவரை ஒவ்வொரு தமிழெழுத்துக்கும் மேலே கோடிட்ட ‘ஏ’யும் வணிகமுத்திரைக் குறியும் வரிசையாக நிற்கும், பலரும் கண்ட காட்சி. அமைவுகள் விண்டோஸ் ரெஜிஸ்ட்ரியில் சேமிக்கப்படுவதால், நிர்வாகி ஒரு கணினியில் சரிசெய்து ஏற்றுமதி செய்த கோப்பு நூறு கணினிகளுக்குச் செல்லும். தவறும் அதே வழியில் செல்லும்.

யூடிஎஃப்-8 அமைத்த பிறகும் கட்டம் விடவில்லை. ஒரு குறி எத்தனை கட்டம் பிடிக்கும் என்பதற்கு மார்க்கஸ் குன் எழுதிய சிறு நிரலைப் புட்டி உள்ளிட்ட பல மென்பொருள்கள் எடுத்துக்கொண்டன. சீன எழுத்துக்கு இரண்டு கட்டம், அழகாகப் பொருந்தியது. இந்திய எழுத்துகளுக்கு அது யூனிகோடின் பண்பு வகையைப் பின்பற்றியது. அவ்வகைப்படி தமிழின் இகரக் குறி இடம்பிடிப்பது, ஈகாரக் குறி இடம்பிடிக்காதது. எனவே ‘கி’க்கு இரண்டு கட்டம், ‘கீ’க்கு ஒன்று. குறிலுக்கு நெடிலைவிட இருமடங்கு இடம் தரும் இலக்கணத்தைத் தொல்காப்பியர் ஏற்றிருக்கமாட்டார். மூன்றெழுத்துச் சொல்லான ‘தமிழ்’ நான்கு கட்டம் பெறும். பின்னழிப்பு விசையை அழுத்தினால் சுட்டி ஓரிடத்திலும் எழுத்து வேறிடத்திலுமாக நிற்கும்.

கட்டத்தைத் தளர்த்தி எழுத்துக்கு இடம் கொடுத்த எமுலேட்டர்களுள் ஒன்று எம்எல்டெர்ம். ஜப்பானிய நிரலர் ஒருவரின் கையில் தொடங்கிய அதன் குறியீட்டுப் பட்டியலில் இஸ்கி-தமிழ், இஸ்கி-தெலுங்கு, இஸ்கி-கன்னடம் எனத் தனித்தனித் தேர்வுகள் இன்றும் உள்ளன.